இருந்துட்டுப் போங்க

பதினாலு ரூபாய் சம்பளம் எனக்கு,
வேலூர் ஜங்கிள் ஆபீசில்.
துரை பேசுவதை மலைக்கும்
மலை பேசுவதைத் துரைக்கும் சொல்வது வேலை.
மலை என்றால் ஜவ்வாது.
மலையின் வாய் என்றால் தீத்தான்.
கோப்பில் அவர் தீர்த்தன், நாட்டான்,
முப்பத்தாறு ஊருக்குத் தலைவர்,
'நம்மிடம் பிரியமுள்ளவர்.'
கடைசி வரி நான் எழுதியது.

முதலில் வந்தவர் சர்வே துரை, சங்கிலியோடு.
அமிர்தி ஓடையில் தண்ணீர் குடித்து
மலைக்காய்ச்சலில் விழுந்தார்.
தீத்தானுக்கு அப்போது மீசை கறுப்பு.
தூளி கட்டி, தோள் மாற்ற ஆளில்லாமல்
ஒரு ராத்திரியும் அரைப் பகலும்
ஒடுகத்தூர் வரை இறக்கினார்கள், அவரும் தம்பியும்.
"இங்க செத்தான்னா
அவன் ஆத்தா எந்தப் பக்கம் பாத்து அழுவா?"
காரணம் அவ்வளவுதான்.
பிழைத்தவர் ஒரு சிவப்புக் கோட்டு அனுப்பினார்.
அந்த மார்கழியில் அது
ஒரு கன்றுக்குட்டிக்குப் போர்வையானது.

அடுத்தவர் மெர்ரிட்.
மலைவாயில் மிரட்டு துரை.
யாரையும் மிரட்டியதில்லை, நல்ல மனுஷர்.
சாமைச் சோற்றைக் கையால் தின்றார்,
சிந்தியதைப் பொறுக்கினார்.
தீத்தான் அவருக்குச் சந்தன மரங்களைக் காட்டினார்
ஒவ்வொன்றாக, பெண்டு பிள்ளைகளை
அறிமுகம் செய்கிறவர் போல.
பின்னால் வந்த கார்டு
ஒவ்வொன்றிலும் சுத்தியலால் ஒரு எண் அடித்தான்.

அன்று ராத்திரி நெருப்பைச் சுற்றி இருந்தோம்.
இங்கே ஒரு பங்களா போடலாமா, என்று துரை கேட்டார்.
தீத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"அதுக்கென்ன, இருந்துட்டுப் போங்க."

இருங்கள், என்றேன் இங்கிலீஷில்.
'போங்க' என்பதை விட்டுவிட்டேன்.
வேண்டுமென்று இல்லை. குளிர். தூக்கம்.
இரண்டையும் ஒரே மூச்சில்
மரியாதை கெடாமல் சொல்ல
அந்த பாஷையில் எனக்கு வழி தெரியவில்லை.
துரை குறித்துக்கொண்டார்.

பங்களா வந்தது.
கல் வந்தது, எல்லைக் கல்.
கல்லுக்கு அந்தப் பக்கம் ஆடு போனால் நாலணா,
புனம் எரித்தால் ஜெயில்.
இளவட்டங்கள் அவரைத் 'துரை மச்சான்' என்றார்கள்,
காதில் விழும்படி.
அவர் குனிந்து கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
"விருந்தாளி இலையை மடிக்கிற வரைக்கும்
வீட்டுக்காரன் எந்திரிக்கக் கூடாது" என்றார்
என்னிடம், நான் கேட்காமலே.

அக்கா மகன் சடையன் மரத்தை வெட்டவில்லை.
நாற்பத்தொரு மரத்தில்
எண்ணை மட்டும் செதுக்கி எறிந்தான்.
ஆறு மாசம், தொரப்பாடி ஜெயில்.

தீத்தான் நடந்தே வந்தார் வேலூருக்கு.
கோட்டை அகழியோரம் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து,
"ஓடாத தண்ணிக்கு இத்தனை கல்லா?" என்றார்.
மறுநாள் துரை உள்ளே கூப்பிட்டார், நாற்காலி போட்டார்.
மலைக்காரர் ஒருவர் அந்த ஆபீசில்
நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
பாதம் தரையில் பட்டும் படாமலும்.
துரைக்குக் கண் கலங்கியது, பொய்யில்லை.
"சட்டம் என் கையில் இல்லை, சொல்லு சிகாமணி."
சொன்னேன். இதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

தீத்தான் எழுந்தார். துண்டை உதறினார்.
"போறேன்" என்றார்.
போயிட்டு வரேன் இல்லை.
வரேன் இல்லை.
போறேன்.

என்ன சொன்னார், என்று துரை கேட்டார்.
சலாம் சொன்னார், என்றேன்.

அந்த வருஷமும் வைகாசியில்
மூங்கில் குழாயில் தேன் வந்தது.
கொண்டுவந்த பையன் வாயே திறக்கவில்லை.
துரை ரொட்டியில் தடவித் தின்றார்,
எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்.
எனக்கு அன்று வேலை இல்லை.